வலது மூலை

எனக்குப் பந்து விளையாட்டு எதுவும் பிடிக்காது. கூடைப்பந்து சுத்தமாகப் பிடிக்காது. பத்துப் பேர் ஒரு பந்துக்காக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவதைப் பார்த்தால், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருகிறவர்கள்தான் ஞாபகம் வருவார்கள். நான் பஸ் டிப்போவில் புகார் கவுன்ட்டரில் உட்காருகிறவள். பகலெல்லாம் ஊராரிடம் திட்டு வாங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிக் கொடுக்கிறவள் என்று என் தம்பி சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கண் கொட்டாமல் பார்த்தேன். இனி வாழ்நாளில் இன்னொன்று பார்க்க மாட்டேன்.

பார்த்தது ஆஸ்பத்திரியில், அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து.

அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஸ்ப்ரே பெயின்டர். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் பெயின்ட் அடித்தவர். அந்தத் துணியும் பாதி நேரம் கழுத்தில்தான் கிடக்கும். ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்து, "அது என் கைடி பாப்பா" என்று காட்டுவார். நுரையீரலில் பெயின்ட் படிந்து கெட்டியாகிவிட்டது என்று டாக்டர் முதன்முதலில் சொன்னபோது, "எத்தனை கோட்டிங் டாக்டர்?" என்று கேட்ட மனுஷன். டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

அன்று காலையில் அதே டாக்டர் வந்தார். மாஸ்க் வழியாகப் போகும் ஆக்சிஜன் இனிப் போதாது, தொண்டைக்குள் குழாய் இறக்கி மெஷினில் போட வேண்டும், அதற்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்க வேண்டும் என்றார்.

"எப்ப முழிப்பார் டாக்டர்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ஆக்சிஜன் குமிழைப் பார்த்தபடி, "பாக்கலாம்மா" என்றார். புகார் கவுன்ட்டரில் நான் தினமும் சொல்கிற வார்த்தை அது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, "மேட்ச் எப்ப பாப்பா?" என்றார்.

"மத்தியானம்."

"அது முடியட்டும் டாக்டர். அப்புறம் குழாயோ குழலோ எதை வேணா போடுங்க."

மேட்ச் என் தம்பியுடையது. வீட்டில் அவனுக்கு ஏணி என்று பெயர். பரணில் இருப்பதை ஸ்டூல் போடாமல் எடுப்பவன். அவன் உயரத்தைப் பார்த்தே கூப்பிட்டு சீட் கொடுத்தது அந்தப் பெரிய காலேஜ். வருஷா வருஷம் கோப்பையை வாங்கி அடுக்குகிற காலேஜ். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அவனைவிட உயரமானவர்களும் வேகமானவர்களும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள் என்று. நாலு வருஷமாக டீமில் இருக்கிறான். ஒரு நிமிஷம்கூடக் களத்தில் இறங்கி ஆடியதில்லை. விருந்து வீட்டில் கடைசிவரை பரிமாறிவிட்டுப் பட்டினியாக வீட்டுக்கு வருகிறவன் கதைதான்.

அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "என் பையன் சாம்பியன் டீம்" என்று பட்டறையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏணி போனில் அனுப்பும் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். அவருக்கு அதில் ஒரே ஒரு சந்தேகம் இருந்தது.

"போன மாசம் பச்சை போட்டிருந்தான். இப்ப மஞ்சள் போட்டிருக்கான். இவன் காலேஜ் கலர் மெரூன்தானே?"

"பிராக்டிஸ்ல எதையாவது போடுவாங்கப்பா."

"எதையாவதா? பெயின்ட்ல எதையாவதுன்னு ஒரு கலர் இருக்கா?" என்பார். "பச்சைன்னாலும் எந்தப் பச்சைன்னு கேக்கணும். கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா? கலர் சும்மா மாறாது பாப்பா."

"உங்க ஆராய்ச்சியை அவன் வந்ததும் அவன்கிட்டயே வச்சுக்கோங்க" என்று சொல்லி போனைப் பிடுங்கிவிடுவேன்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஏணி போன் செய்தான். அந்தக் காலேஜில் ஒரு வழக்கம் உண்டாம். போட்டித் தொடரின் முதல் ஆட்டம் எப்போதும் ஏதாவது ஒரு பலவீனமான டீமோடுதான் அமையும். பாதி ஆட்டத்திலேயே ஜெயித்துவிடுவார்கள். மீதிப் பாதியில், பெஞ்சில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்த கடைசி வருஷப் பையன்களை கோச் இறக்கிவிடுவார். படிப்பு முடிந்து போகிறவனுக்கு ஒரு மரியாதை.

"நாளைக்கு கண்டிப்பா இறக்குவாங்கக்கா. எதிர்ல வர்றது ஒரு சுண்டைக்காய் காலேஜ். ஈவினிங் காலேஜ். பகல்ல எல்லாரும் வேலைக்குப் போறவங்க. நீ எப்படியாவது அப்பாவைப் பாக்க வச்சிடு. அவர் ஒரு தடவைகூட என்னைப் பாத்ததில்லக்கா."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கால் தடுக்கி விழாம ஆடு."

அப்பாவின் நிலைமையை அவனிடம் சொல்லக் கூடாது என்று அப்பாவே சத்தியம் வாங்கியிருந்தார். லேசான இருமல், ரெண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அவனுக்குத் தெரியும்.

ஆக, நிலவரம் இதுதான். அப்பா கண்விழித்திருக்கப் போவது அந்த ஆட்டம் முடிகிற வரைக்கும். அதற்குள் மெரூன் டீம் எதிராளியை நசுக்கித் தள்ள வேண்டும். தள்ளினால்தான் கோச் என் தம்பியை இறக்குவார். அப்போதுதான் அப்பா அவனைப் பார்ப்பார். அவ்வளவுதான். இதைக்கூடக் கொடுக்க முடியாத கடவுள் எதற்கு என்று நான் அத்தையிடம் கேட்டேன். அத்தை அப்பாவின் தங்கை. எதற்கெடுத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள். "வாயை மூடுடி, இப்பப் போய் வம்பை விலைக்கு வாங்காதே" என்றாள்.

மேட்ச் போனில்தான் நேரலையாக வரும். அந்த போனுக்கு சார்ஜ் இல்லை. கட்டில் பக்கத்து பிளக்கில் குத்தினால், நர்ஸ் ஓடிவந்து அது மெஷினுக்கு மட்டும் என்றாள். "சிஸ்டர், எங்கப்பாவுக்கு இன்னிக்கு இதுதான் மெஷின்" என்றேன். என் முகத்தைப் பார்த்தாளோ, மருந்துச் சீட்டைப் பார்த்தாளோ, திரையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். தண்ணீர் பாட்டிலின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். அப்பாவின் தலைக்கு ரெண்டு தலையணை வைத்து உயர்த்தினேன்.

"எதுடி நம்ம பசங்க?" என்றாள் அத்தை.

"மெரூன்."

"மஞ்சள்?"

"சுண்டைக்காய்."

ஆட்டம் ஆரம்பித்தது. முதலில் எல்லாம் நாங்கள் நினைத்தபடியே போனது. மெரூன் பையன்கள் நல்ல தீனி தின்று வளர்ந்தவர்கள். மஞ்சள் டீமில் ஆளுக்கொரு விதமான ஷூ. அவர்கள் கேப்டன் குள்ளமாக, தோள் மட்டும் அகலமாக இருந்தான். பகலில் காஸ் சிலிண்டர் தூக்குகிறவன் என்று கமென்டேட்டர் சொன்னார். வேறு நாளாக இருந்தால் நானே அவன் பக்கம்தான் கை தட்டியிருப்பேன். அன்றைக்கு அவன் கால் சுளுக்கிக்கொள்ள வேண்டும் என்று வேண்டினேன். ஆமாம், வேண்டினேன். எனக்கென்ன வெட்கம்?

நடுவில் ஒருமுறை காமிரா மெரூன் பெஞ்சைக் காட்டியது. கடைசி நாற்காலியில், முட்டி ரெண்டும் மோவாயைத் தொடுகிற மாதிரி மடங்கி ஏணி உட்கார்ந்திருந்தான். மேலே ஒரு சாம்பல் நிற ஜாக்கெட் போட்டு ஜிப்பை இழுத்து மூடியிருந்தான்.

"அதோ" என்றார் அப்பா.

"இன்னும் கொஞ்சம் இருங்கப்பா. இறக்கிடுவாங்க."

ஆனால் சுண்டைக்காய் நசுங்கவில்லை. மெரூன் நாலு பாயின்ட் ஏறினால் மஞ்சள் அஞ்சு ஏறியது. மெரூன் ஆறு ஏறினால் அதுவும் ஆறு ஏறியது. அந்தக் குள்ளன் தலையிலே தட்டிக்கொள்வான், கை விரலை ஆட்டுவான், முஷ்டியைக் காட்டுவான். ஒவ்வொரு சைகைக்கும் அவன் ஆட்கள் ஒவ்வொரு பக்கம் ஓடுவார்கள், பந்து எப்படியோ உள்ளே போய்விடும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வித்தியாசம் குறைகிறது என்பது மட்டும் புரிந்தது. குறையக் குறைய கோச் பெஞ்சுப் பக்கம் திரும்புவதே நின்றுவிட்டது.

"அடப்பாவிகளா, தோத்துட்டு வீட்டுக்குப் போங்கடா" என்று நான் கத்தியதில் பக்கத்துக் கட்டில் பெரியவர் விழித்துக்கொண்டு இருமினார்.

இடைவேளையில் டாக்டர் வந்தார். விரலில் மாட்டியிருந்த கருவியின் எண்ணைப் பார்த்தார். முகம் மாறியது. "இனிமே காத்திருக்கறது நல்லதில்ல" என்றார். அப்பா ஒற்றை விரலைத் தூக்கி ஆட்டினார். நெஞ்சு மேலும் கீழும் போய் வந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நீங்களாவது சொல்லுங்கம்மா."

"நான் சொல்லிக் கேக்கற மனுஷனா இருந்தா பெயின்ட் வேலையை எப்பவோ விட்டிருப்பார் டாக்டர்."

சொல்லிவிட்டு அப்பாவின் மாஸ்க்கை நேராக்கினேன். ஒரு விளையாட்டுக்காக மூச்சைப் பணயம் வைப்பதா என்று அத்தை அழ ஆரம்பித்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

ரெண்டாவது பாதி மெரூன்காரர்களுக்கு நரகம். அவர்களுடைய உயரமான பையன்களில் ஒருவன் குதித்து இறங்கும்போது கணுக்கால் மடங்கி விழுந்தான். இன்னொருவன், அவன்தான் டீமுக்கே தூண், பதற்றத்தில் எதிராளிகளை இடித்துக்கொண்டே இருந்தான். கூடைப்பந்தில் அஞ்சு தடவை தப்பாக இடித்தால் வெளியே போக வேண்டுமாம். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருக்கும்போது அஞ்சாவது விசில் அடித்தது. அவன் தலையில் டவலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ரெண்டு டீமும் சமமாக இருந்தன.

கோச் பெஞ்சைப் பார்த்தார். உயரமானவன் என்று மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தன்.

ஏணி எழுந்தான். சாம்பல் ஜாக்கெட்டின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை, தலைவழியாகக் கழற்றி எறிந்தான். உள்ளே மெரூன்.

அப்பா கையை ஊன்றி எழப் பார்த்தார். நான் முதுகைத் தாங்கினேன். மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, "நல்ல மெரூன்" என்றார். "ரெண்டு கோட்டிங்." அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. என் கண்ணிலும்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அத்தைகூட, "எம்மாடி, எவ்ளோ உசரம்" என்றாள், என்னமோ அவனை இதற்கு முன் பார்க்காதவள் மாதிரி.

கமென்டேட்டருக்கு அவன் பெயர் தெரியவில்லை. காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு "மெரூன் அணியின் உயரமான மாற்று வீரர்" என்று சமாளித்தார்.

இறங்கியதும் ஒரு நல்லது நடந்தது. மஞ்சள் பையன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு ஜோடிக் கை மேலே எழும்பி அதைப் பிடித்தது. பரணில் டப்பாவை எடுக்கிற அதே கை. பந்தைக் கீழே இருந்தவனிடம் கொடுத்தான், அவன் ஓடிப்போய் மறுகோடியில் போட முயலும்போது இடித்தார்கள், அதற்குக் கிடைத்த இலவச எறிதலில் ஒன்று உள்ளே போனது. மெரூனுக்கு ஒரு பாயின்ட் அதிகம்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி இறுகியது. "பாத்தியா" என்றார். "பாத்தேன்பா, பாத்தேன்."

அத்தோடு முடிந்திருக்கக் கூடாதா? அந்த இடத்தில் கரண்ட் போயிருக்கக் கூடாதா? ஊரில் எத்தனை முறை போகிறது!

ஆட்டத்தின் கடைசி மூச்சு. பந்து மஞ்சள் டீமிடம். குள்ளன் நடுவில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். என் தம்பி கூடைக்குக் கீழே, தன் இடத்தில் சரியாகத்தான் நின்றான். உள்ளே வருகிறவனை மறிப்பது ஒன்றுதான் அவன் வேலை என்பது எனக்கே புரிந்தது. குள்ளன் இடது கையால் தன் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினான்.

ஏணி ஓடினான்.

கூடையை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், அம்பு மாதிரி வலது மூலைக்கு ஓடினான். ஓடிப்போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று திரும்பி, பந்து கேட்கிறவனைப் போல ரெண்டு கையையும் தூக்கினான். அதே மூலைக்கு மஞ்சள் டீமின் பதினொன்றாம் நம்பரும் ஓடிவந்து கையைத் தூக்கினான். ஒரே மூலையில் ரெண்டு பேர், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தூக்கிய கையோடு. அந்த மஞ்சள் பையன் முகத்தில்கூட, இவன் எங்கே இங்கே என்கிற திகைப்பு. நடுவில் வாசல் திறந்து கிடந்தது. குள்ளன் தன் வீட்டுக்குள் போகிறவன் மாதிரி உள்ளே போய், பந்தை வளையத்தில் வைத்துவிட்டு வந்தான். சங்கு ஊதியது.

சுண்டைக்காய் ஜெயித்துவிட்டது. கமென்டேட்டர் தொண்டை கிழியக் கத்தினார். சரித்திரம், யாரும் நினைத்துப் பார்க்காதது, இன்னும் என்னென்னவோ. மஞ்சள் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உருண்டன. காமிரா ஒரு முறை மூலையைக் காட்டியது. ஏணியின் கை இன்னும் இறங்கவில்லை.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் போனை அணைத்தேன். அப்பா அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அங்க ஓடினான்?"

"தெரியலப்பா."

"கைய வேற தூக்கினான்."

"ஆமாப்பா."

"ஏன் பாப்பா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பூசின பெயின்ட் ஏன் உரிந்தது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவாரே, அந்தக் குரலில் கேட்டார்.  புகார் கவுன்ட்டரில் ஆயிரம் பேருக்கு வாய் கூசாமல் பதில் சொல்கிறவளுக்கு, அப்பாவுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அதற்குள் டாக்டர் உள்ளே வந்தார், பின்னாலேயே தள்ளுவண்டியோடு ரெண்டு பேர். என்னை வெளியே போகச் சொன்னார்கள். மாஸ்க்கை எடுக்கும்போது அப்பா இன்னொரு முறை, "ஏன்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் பேசவில்லை. அப்புறம் எப்போதும் பேசவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. வெந்நீர் பிடிக்க கேன்டீனுக்குப் போனேன். ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். என் தம்பி மூலைக்கு ஓடுகிறான், கையைத் தூக்குகிறான். மறுபடி ஓடுகிறான், தூக்குகிறான். பின்னணியில் யாரோ ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்திருந்தார்கள்.

"பாருங்கம்மா இந்தக் கூத்தை! எதிராளிகிட்ட பந்து கேக்கறான், லூசு. காசு வாங்கியிருப்பான்."

"நீங்க பாத்தீங்களா, வாங்கினதை?"

"இல்லம்மா, எல்லாரும் சொல்றாங்க..."

"எல்லாரும் சொன்னா கிணத்துல குதிப்பீங்களா? வாய் இருக்குன்னு எதை வேணா பேசறதா? அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே!"

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். பாவம், அவருக்கு என்ன தெரியும். வெந்நீர் பிடிக்காமலே திரும்பிவிட்டேன்.

ஏணி போனை எடுக்கவில்லை. அப்பாவை மெஷினில் போட்டிருக்கிறோம், உடனே கிளம்பி வா என்று செய்தி அனுப்பினேன். மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். அந்த உயரத்தை எந்தத் தொப்பியால் மறைப்பது? அவன் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே பின் சீட்டில் இருந்த ரெண்டு பேர் கையைத் தூக்கிக் காட்டினார்களாம்.

ஐ.சி.யூ.வுக்கு வெளியே நாற்காலியில் நானும் அத்தையும் இருந்தோம். அவன் வரும் முன்பே அத்தை என்னைத் தயார் செய்துவைத்திருந்தாள். "அண்ணன் எதையும் பாக்கல, தூங்கிட்டார்னு சொல்லிடு. பையன் உடைஞ்சு போயிருப்பான். ஒரு பொய்யில என்ன குடி முழுகிடும்?" நானும் சரி என்றுதான் தலையாட்டியிருந்தேன்.

வந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அப்பா பாக்கலல்லக்கா?"

நான் வாயைத் திறக்கும் முன் அத்தை முந்திக்கொண்டாள். "இல்லடா கண்ணு. மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அசந்து தூங்கிட்டார். ஒண்ணுமே பாக்கல."

"நெஜமாவா?"

"அத்தை பொய் சொல்வேனா?"

அவன் மூச்சை விட்டான். "நல்லதாப் போச்சு" என்று நாற்காலியில் உட்கார்ந்தான். முட்டி ரெண்டும் மேலே வந்தன. அத்தை என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலக் கண்ணைக் காட்டினாள்.  பிறகு அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

"நாலு வருஷம்க்கா" என்றான். "ஒரு தடவைகூட என்னைப் பாக்காமலே போறாரே. மெரூன் சட்டையில ஒரு தடவைகூட."

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள், அடையாளம் ஒரு வாரம் இருந்தது. எனக்கு அவள்மேல் கோபம், ஏணிமேல் கோபம், அந்த கோச்மேல், குள்ளன்மேல், உள்ளே மெஷினோடு கிடக்கிற மனுஷன்மேல், எல்லார்மேலும் கோபம். என்ன சொன்னாலும் இந்தப் பையன் சாகிறவரை சுமக்கப் போகிறான். எதைச் சுமக்க வைப்பது என்பதுதான் என் கையில் இருந்தது.

"பாத்தார்டா" என்றேன்.

"அடியே!" என்றாள் அத்தை.

"சும்மா இருங்க அத்தை. பாத்தார்டா ஏணி. ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரைக்கும் பாத்தார். அதுக்காகத்தான் குழாய் போட விடாம மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். நீ ஜாக்கெட்டைக் கழட்டினதும் நல்ல மெரூன், ரெண்டு கோட்டிங்னார். நீ மேலேர்ந்து பந்தை எடுத்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு பாத்தியான்னார். அழுதார்டா."

அவன் முகத்தைத் துடைக்கவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் அதையும் பாத்தார்."

"என்ன சொன்னார்?"

"ஏன் அங்க ஓடினான்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல. திரும்பத் திரும்ப கேட்டார். அதோட மயக்கம் கொடுத்துட்டாங்க."

அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அவன் எழுந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நர்ஸ் பின்னாலேயே ஓடினாள், நானும் ஓடினேன். அப்பாவின் வாயில் குழாய், இமை திறக்காமல் இருக்கக் கண் மேல் பிளாஸ்டர், நெஞ்சு மெஷினின் கணக்குக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏணி கட்டில் பக்கத்தில் மண்டியிட்டான். மண்டியிட்டும் அவன் தலை கட்டிலுக்கு மேலேதான் இருந்தது. அப்பாவின் காதருகே குனிந்தான்.

"பெஞ்ச்சுல இருக்கறவங்க வேலை என்னன்னு நான் உங்ககிட்ட சொன்னதே இல்லப்பா. அடுத்து எந்த டீமோட மேட்ச்சோ, நாங்க அந்த டீமா மாறணும். அவங்க கலர் பனியன், அவங்க நம்பர், அவங்க ஓடற மாதிரியே ஓடணும். எங்களை எதிர்த்து ஆடித்தான் மேட்ச்ல இறங்கற நம்ம அஞ்சு பேரும் பழகுவாங்க. இந்தத் தடவை நான் மஞ்சள் டீம் பதினொண்ணாம் நம்பர். அந்த கேப்டன் தலையில தட்டினா, பதினொண்ணு வலது மூலைக்கு ஓடிப்போய் கையைத் தூக்கணும். சும்மா ஏமாத்தறதுக்கு. அதையே காலையிலயும் சாயங்காலமும் ஓடி ஓடி... நேத்து அவன் தலையில தட்டினான்பா. கால் ஓடிடுச்சு. நான் ஓடலப்பா. கால்தான் ஓடுச்சு."

நர்ஸ் அவன் தோளைத் தொட்டாள். "தம்பி, அவருக்குக் கேக்காதுப்பா."

"தெரியும் சிஸ்டர்" என்றேன் நான். "சொல்லி முடிக்கட்டும். அவர் கேட்ட கேள்வி அது."

"நான் நம்ம டீம்ல ஆடினதே இல்லப்பா" என்றான் ஏணி. "நாலு வருஷமா நான் எதிர் டீம்தான். நேத்துதான் மொதல் தடவையா நம்ம டீம்."

நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன். கலர் சும்மா மாறாது பாப்பா என்று இந்த மனுஷன் எத்தனை தரம் சொன்னார்! ஒரு தரமாவது போனைப் பிடுங்காமல் இருந்தேனா?

அவன் நிறுத்தவில்லை. போனை எடுத்து, பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக, பிளாஸ்டர் ஒட்டிய அந்தக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். நீலம் எந்த காலேஜ், அதில் அவன் யார். ஆரஞ்சு எந்த காலேஜ், அதில் அவன் யார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள். அப்பா போனது அன்று மத்தியானம். அதுவரை இவன் காட்டிக்கொண்டேதான் இருந்தான்.

"இது பச்சைப்பா" என்று அவன் அடுத்த போட்டோவைக் காட்டினான். எந்தப் பச்சை என்று கேட்க ஆள் இல்லை.